ஆங்கிலத் துணைவினைகளும் நம் பிள்ளைகளும்





ஒரு வாக்கியத்தில் என்ன செயல் பேசப்படுகிறது என்பதை முதன்மை வினை சொல்லிவிடும். அச்செயல் நடந்துவிட்டதா, நடந்துகொண்டிருக்கிறதா, நடந்தே தீர வேண்டுமா, நடந்தாலும் நடக்கலாமா, நடக்கவே கூடாதா என்பதையெல்லாம் சொல்வது அதனோடு சேர்ந்து நிற்கும் சிறு சொல். அதற்கே துணைவினை என்று பெயர். ஆங்கிலத்தில் இத்தகைய சொற்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. 'பீ', 'ஹேவ்', 'டூ' ஆகிய மூன்றும் அவற்றின் வடிவங்களும் ஒரு பிரிவு. 'கேன்', 'குட்', 'மே', 'மைட்', 'ஷேல்', 'ஷுட்', 'வில்', 'வுட்', 'மஸ்ட்' ஆகிய ஒன்பதும் மற்றொரு பிரிவு. 'நீட்', 'ஆட் டு' போன்ற சில சொற்கள் இவற்றை ஒட்டி வருவன. அவ்வளவே. ஆயினும், நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் இடறும் இடங்களில் பெரும்பாலானவை இச்சொற்களைச் சுற்றியே அமைந்திருப்பதை நாம் பல்லாண்டுகளாகக் கண்டு வருகிறோம்.

நாம் ஆங்கிலத்தில் பட்டம் பெற்றவர் அல்லோம். இஸ்லாமியக் கல்வியில் பட்டயம் பெற்று, மதரஸாவில் நஹ்வும் ஸர்ஃபும் கற்பித்து வருகிறோம். எம்மிடம் ஓதும் மாணவர்களுள் சிலர் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வர்களாக எழுதுவதால், மாலை வேளைகளில் அவர்களின் ஆங்கிலப் பாடத்தையும் கவனிக்கும் பொறுப்பு எம்மிடம் வந்து சேர்ந்தது. அரபு வினைச்சொல் ஒன்றை 14 வடிவங்களில் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் மாணவன், 'டூ' வருமா 'டஸ்' வருமா என்று கேட்டால் திகைத்து நிற்கிறான். இவனுக்கு மொழியறிவு இல்லை என்று யார் சொல்ல முடியும்? அவன் கையில் ஏற்கெனவே இரண்டு மொழிகளின் இலக்கணம் இருக்கிறது. மூன்றாவது மொழியை அவ்விரண்டோடும் இணைத்துக் காட்ட ஆள் இல்லாததே குறை. அந்த இணைப்பைக் குறித்தே இங்கு எழுதுகிறோம்.

காலத்தைச் சுமப்பவர் ஒருவரே

'அவன் எழுதவில்லை' என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், பத்து மாணவர்களில் பாதிப்பேராவது 'ஹி டிட் நாட் ரோட்' என்று எழுதிவிடுகின்றனர். 'எழுதினான்' என்பதற்கு 'ரோட்' என்று மனப்பாடம் செய்திருக்கிறார்கள். கடந்த காலம்தானே, ஆகவே 'ரோட்' என்பது அவர்களின் நியாயம். சிவப்பு மையால் அடித்துத் திருத்திக் கொடுத்தாலும் அடுத்த வாரம் அதே பிழை திரும்பி வரும்.

நாம் அவர்களை அரபு இலக்கணத்திற்கு அழைத்துச் செல்வோம். 'எழுதினான்' என்பது 'கதப'. 'அவன் எழுதவில்லை' என்பதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டால், அனைவரும் ஒரே குரலில் 'லம் யக்துப்' என்பார்கள். 'லம் கதப' என்று ஒருவரும் சொல்லமாட்டார். ஏன்? 'லம்' என்ற சொல் வந்தவுடன் கடந்த காலத்தின் பொருளை அதுவே ஏற்றுக்கொள்கிறது. பின்னால் வரும் வினை 'முளாரிஃ' வடிவத்திலேயே நின்று, இறுதியில் ஸுகூன் பெறுகிறது. ஆங்கிலத்தின் 'டிட்' செய்யும் வேலையும் இதுவே. கடந்த காலச் சுமையை 'டிட்' தன் தோளில் ஏற்றிக்கொண்டது. பின்னால் வரும் 'ரைட்' வெறுங்கையோடு நடக்கலாம். ஒரே சுமையை இருவர் தலையில் ஏற்றினால் 'டிட் ரோட்' ஆகிவிடும்.

'டஸ்' என்பதும் அவ்வாறே. 'ஹி ரைட்ஸ்' என்பதில் உள்ள கடைசி 'ஸ்' ஒலியை, கேள்வி கேட்கும்போது 'டஸ்' வாங்கிக்கொள்கிறது. ஆகவே 'டஸ் ஹி ரைட்?' என்பதே சரி. அரபில் 'ஹல்' என்ற வினாச்சொல் வாக்கியத்தின் முதலில் வந்து நிற்பதைப் போல, 'டஸ்' முதலில் வந்து நிற்கிறது. வேறுபாடு ஒன்று உண்டு. 'ஹல்' வினையைத் தொடாது. 'டஸ்' அதனிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளும். இந்த ஒப்பீட்டைக் கேட்ட பிறகு மாணவர்களின் முகத்தில் தெரியும் மலர்ச்சி வேறுதான். பழைய நண்பனின் உறவினரைச் சந்தித்தது போல் ஆகிவிடுகிறது அவர்களுக்கு.

ஆங்கிலேயர்களே இந்த 'டூ' முறைக்கு மெல்ல மெல்லத்தான் வந்து சேர்ந்தார்கள் என்பதையும் சொல்லிவைப்போம். ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன்னர், 'டூ' இல்லாமல் முதன்மை வினையையே முன்னால் நகர்த்திக் கேள்வி கேட்கும் வழக்கமும் அம்மொழியில் பரவலாக இருந்தது. மொழிக்குரியவர்களே தலைமுறைகள் எடுத்துக்கொண்ட ஒன்றுக்கு, நம் பிள்ளைகள் சில மாதங்கள் எடுத்துக்கொள்வதில் வெட்கப்பட ஏதுமில்லை.

மறைந்து நிற்கும் 'இஸ்'

'மை பிரதர் டாக்டர்' என்று எழுதும் பிள்ளையைச் சிலர் கேலி செய்கின்றனர். அப்பிழையின் வேர் சோம்பலில் இல்லை. 'என் அண்ணன் மருத்துவர்' என்பது தமிழில் முழுமையான வாக்கியம். அதில் வினைச்சொல்லே இல்லை. அரபிலும் 'ஸைதுன் மரீளுன்' என்றால் 'ஸைத் நோயாளி' என்ற பொருள் நிறைவாகக் கிடைத்துவிடும். முப்ததா, கபர் ஆகிய இரண்டே போதும். ஆக, மதரஸா மாணவனுக்குத் தெரிந்த இரு மொழிகளும் அவ்விடத்தில் வினையைக் கேட்பதில்லை. ஆங்கிலமோ வினையின்றி வாக்கியத்தை ஏற்காது. ஆகவே 'இஸ்' என்ற ஒன்றை அங்கே நிறுத்துகிறது.

இதையே கடந்த காலத்திற்கு மாற்றிப் பாருங்கள். அரபில் 'கான ஸைதுன் மரீளன்' என்று 'கான' வந்துவிடுகிறது. தமிழில் 'ஸைத் நோயாளியாக இருந்தான்' என்று 'இரு' வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் 'வாஸ்' வருகிறது. மூன்று மொழிகளும் இங்கே ஒன்றுபடுகின்றன. அதனால்தான் 'வாஸ்' எழுத மறக்காத பிள்ளைகூட 'இஸ்' எழுத மறந்துவிடுகிறது. ஃபெஸ் நகரத்து அறிஞர் இப்னு ஆஜுர்ரூம் (மறைவு 1323) எழுதிய 'ஆஜுர்ரூமிய்யா' என்னும் தொடக்க நூலிலேயே, எழுவாய், பயனிலையின்மீது 'கான'வும் அதன் சகோதரிகளும் செலுத்தும் ஆட்சி பேசப்படுகிறது. அதைப் படித்த மாணவனுக்கு, 'நிகழ்காலத்திலும் தன் முகத்தைக் காட்டும் கானதான் இஸ்' என்று சொன்னால் போதும்.

'இஸ்' எங்கே வேண்டும் என்று அறிந்த பிள்ளை, சில நாட்களில் வேண்டாத இடத்திலும் அதைச் சேர்க்கத் தொடங்கும். 'ஹி இஸ் கோ' என்பது அவ்வகை. 'இஸ்' வந்தால் அதற்குப் பின் ஒரு பெயரோ, பண்போ, 'கோயிங்' போன்ற 'இங்' வடிவமோ, 'ரிட்டன்' போன்ற செயப்பாட்டு வடிவமோ வரலாம். வெறும் வினை வராது. இவ்வொரு விதியைச் சுவரில் எழுதி ஒட்டலாம்.

கண்ணாடியில் தெரியும் தமிழ்

துணைவினை என்பது ஆங்கிலத்திற்கே உரிய சிக்கல் என்று பலர் நினைக்கின்றனர். நாம் அன்றாடம் பேசும் தமிழ் முழுவதும் துணைவினைகள்தாம். வந்துவிட்டான், எழுதிவை, உடைந்துபோயிற்று, படித்துக்கொண்டிருக்கிறாள், போகலாம், இருக்கக்கூடும் என்று எத்தனை! அடுப்படியில் நிற்கும் தாய், எந்த இலக்கண நூலும் படிக்காமல், இவற்றைப் பிழையின்றிக் கையாள்கிறார்.

ஒரு நீண்ட சொல்லை எடுத்துக்கொள்வோம். 'தூங்கிக்கொண்டிருந்திருக்கலாம்.' இதை ஆங்கிலத்தில் 'மே ஹேவ் பீன் ஸ்லீப்பிங்' என்பர். தமிழ்ச் சொல்லைக் கடைசியிலிருந்து முன்னோக்கிப் பிரித்து வாருங்கள். 'லாம்' என்பதற்கு நேர் 'மே'. அதற்கு முன்னுள்ள 'இருக்க' என்பதற்கு நேர் 'ஹேவ்'. அதற்கும் முன்னுள்ள 'கொண்டிருந்து' என்பதற்கு நேர் 'பீன்' என்பதும், வினையோடு ஒட்டிய 'இங்' என்பதும். முதலில் உள்ள 'தூங்கி' என்பதற்கு நேர் 'ஸ்லீப்'. வரிசை அப்படியே தலைகீழாக அமைந்திருக்கிறது. நாம் முதன்மை வினையை முன்னால் நிறுத்தித் துணைவினைகளைப் பின்னால் கோக்கிறோம். அவர்கள் துணைவினைகளை முன்னால் அனுப்பி முதன்மை வினையைக் கடைசியில் வைக்கிறார்கள். கண்ணாடியில் நம் முகமே இடவலமாக மாறித் தெரிவது போன்றதுதான் இது.

பலகையில் இதை எழுதிக் காட்டிய அன்று, ஒரு மாணவன் எழுந்து, "அப்படியென்றால் எங்களுக்கு இது முன்பே தெரியும், ஹஸ்ரத்!" என்றான். ஆம், தெரியும். தெரிந்ததைத் திருப்பி அடுக்குவதே பயிற்சி.

'விட்டது' என்பதும் அவ்வாறே நமக்கு நெருக்கமானது. இகாமத்தில், தொழுகை நிலைபெற்றுவிட்டது என்று அறிவிக்கும் சொற்றொடரின் முன்னால் 'கத்' என்ற சொல் வருகிறது. இலக்கணத்தில் அது வினையன்று, ஹர்ஃபு. ஆயினும் கடந்தகால வினையின் முன் வந்து, செயல் நிகழ்ந்தேவிட்டது என்ற உறுதியைத் தருகிறது. தமிழில் அவ்வேலையை 'விட்டது' செய்கிறது. ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'ஹேஸ்', 'ஹேவ்' செய்கின்றன. ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. 'நேற்றே வந்துவிட்டான்' என்று தமிழில் தாராளமாகச் சொல்வோம். ஆங்கிலத்தில் நேற்று, போன வருடம் என்று முடிந்துபோன காலத்தைக் குறிப்பிட்டுவிட்டால் 'ஹேஸ்' ஒதுங்கிக்கொள்ளும். 'ஹி கேம் யெஸ்டர்டே' என்பதே சரி.

கட்டாயமும் அனுமதியும்

மேலே சொன்னவற்றில் பிழை நேர்ந்தால் மதிப்பெண் குறையும். இனிச் சொல்லப்போவதில் பிழை நேர்ந்தால் வாழ்க்கையே தடம் மாறக்கூடும்.

ஃபிக்ஹு கற்றவர்களுக்குச் செயல்களின் படிநிலைகள் நன்கு தெரியும். மாணவர்களுக்கு நாம் இப்படி ஒப்பிட்டுக் காட்டுவோம்: பர்ளுக்கு 'மஸ்ட்', சுன்னத்துக்கு 'ஷுட்', முபாஹுக்கு 'மே', மக்ரூஹுக்கு 'ஷுட் நாட்', ஹராமுக்கு 'மஸ்ட் நாட்'. இது பொருளைப் புரியவைக்கும் ஓர் ஒப்புமையே, சட்ட வரையறையன்று. ஆயினும் ஒவ்வொரு துணைவினைக்கும் தனி எடை உண்டு என்பதை இது மனத்தில் பதித்துவிடும்.

இங்கே தமிழர் அனைவரும் வழுக்கும் ஓரிடம் உண்டு. 'மஸ்ட்' என்றால் 'வேண்டும்'. அப்படியானால் 'வேண்டியதில்லை' என்பது 'மஸ்ட் நாட்' தானே என்று பிள்ளைகள் கருதுகின்றனர். அன்று. 'மஸ்ட் நாட்' என்றால் 'கூடாது'. 'வேண்டியதில்லை' என்பதற்கு 'நீட் நாட்' அல்லது 'டூ நாட் ஹேவ் டு'. பயணி ரமளானில் நோன்பு நோற்க வேண்டியதில்லை. பின்னர் களாச் செய்துகொள்ளலாம். பெருநாள் தினத்தில் எவரும் நோன்பு நோற்கக் கூடாது. முன்னது 'நீட் நாட்', பின்னது 'மஸ்ட் நாட்'. இரண்டையும் மாற்றி எழுதினால் சலுகை தடையாகிவிடும், தடை சலுகையாகிவிடும். மருந்துச் சீட்டில் இதே மாற்றம் நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

'அவர் வந்திருக்க வேண்டும்' என்ற தமிழ் வாக்கியத்திற்கும் இரு பொருள் உண்டு. வாசலில் செருப்பைக் கண்டு, வந்துவிட்டார் போலும் என்று ஊகிப்பது ஒன்று. வராமல் போய்விட்டாரே என்று குறைப்படுவது மற்றொன்று. ஆங்கிலம் முன்னதற்கு 'மஸ்ட் ஹேவ் கம்' என்றும், பின்னதற்கு 'ஷுட் ஹேவ் கம்' என்றும் பிரித்துவிடுகிறது. நாம் குரலில் காட்டும் வேறுபாட்டை அவர்கள் சொல்லில் காட்டுகிறார்கள். கடிதத்தில் குரல் கேட்காது அல்லவா!

எம்மிடம் முன்பு ஓதிய ஓர் இளைஞர், வளைகுடா நாடொன்றில் கிடைத்த வேலைக்கான ஒப்பந்தத் தாளோடு ஒருநாள் எம்மைக் காண வந்தார். துஆச் செய்யச் சொல்லத்தான் வந்தார். தாளை வாங்கிப் படித்தோம். தங்குமிடம் பற்றிய வரியில் 'தி கம்பெனி மே புரொவைட் அக்காமடேஷன்' என்று இருந்தது. கம்பெனி தங்குமிடம் தரும் என்றே அவர் புரிந்துவைத்திருந்தார். நாம் அத்தாளை மீண்டும் ஒருமுறை அவரையே படிக்கச் செய்து, துணைவினைகளை மட்டும் அடிக்கோடிடச் சொன்னோம். தொழிலாளி செய்ய வேண்டியவை அனைத்தும் 'ஷேல்' என்றும், கம்பெனி தரக்கூடியவை பெரும்பாலும் 'மே' என்றும் எழுதப்பட்டிருந்தன. ஒப்பந்தங்களில் 'ஷேல்' என்பது பொதுவாகக் கடமையைக் குறிக்கும். 'மே' என்றால், தந்தாலும் தரலாம், தராமலும் இருக்கலாம். பழைய ஆங்கிலத்தில் 'ஷேல்' என்ற சொல்லின் மூலத்திற்குக் 'கடன்பட்டிருத்தல்' என்பதே பொருள். தமிழிலும் கடன் என்ற சொல்லுக்குக் கடமை என்ற பொருள் உண்டு. கடன் எழுதப்படாத இடத்தில் கடமையைத் தேடுவது எப்படி?

அவர் ஏஜென்ட்டிடம் சென்று, 'மே' என்பதை 'ஷேல்' என்று மாற்றித் தர இயலுமா என்று கேட்டார். "அதெல்லாம் கொடுப்பாங்க தம்பி, எழுத்தைப் பார்த்துக்கிட்டு இருக்காதே" என்பதே பதில். அறை வாடகையைத் தன் சம்பளத்திலிருந்து கழித்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார். பயணச் செலவுக்காகத் தாயின் நகைகளை அடகு வைக்க வேண்டியிருந்தது. வைக்காமல் நின்றுகொண்டார். இப்போது ஊரில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். கைக்கு வந்த வாய்ப்பு போயிற்றே என்று அவர் தாய்க்கு வருத்தம். எம்மிடம் முன்போல் பேசுவதில்லை. அங்கே சென்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம். எதில் கையெழுத்திடப்போகிறோம் என்பதை அறிந்து அவர் முடிவெடுத்தார் என்ற ஒன்றை மட்டுமே அத்தாய்க்கு எம்மால் சொல்ல முடிகிறது.

கேட்பதிலும் வாக்களிப்பதிலும்

துணைவினைகளில் பண்பும் அடங்கியிருக்கிறது. 'ஐ வான்ட் லீவ்' என்று மேலாளரிடம் சொல்லும் நம் பிள்ளை, மரியாதைக் குறைவாகப் பேச வேண்டும் என்று எண்ணுவதில்லை. 'எனக்கு லீவு வேண்டும்' என்ற தமிழை அப்படியே பெயர்த்துவிடுகிறது. தமிழில் 'ங்க' என்ற ஈறு மரியாதையைத் தாங்கிவிடும். ஆங்கிலத்தில் அந்த ஈறு கிடையாது. அதன் இடத்தைத் துணைவினைகள் நிரப்புகின்றன. 'மே ஐ', 'குட் யூ', 'வுட் யூ' என்று தொடங்கினால் கேட்பவரின் மனம் இளகும். 'குட்', 'வுட்' என்பன வடிவத்தில் கடந்த காலம் போலத் தோன்றினாலும், இவ்விடத்தில் காலத்தைக் குறிப்பதில்லை, பணிவையே குறிக்கின்றன. அதே சமயம், மரியாதை என்று எண்ணி எங்கும் 'வுட்' போடுவதும் பொருந்தாது. நாளை மெய்யாகவே வரப்போகிறவர் 'ஐ வில் கம்' என்றே சொல்ல வேண்டும். 'வுட்' என்றால், ஏதோ ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறது என்று கேட்பவர் எண்ணக்கூடும்.

'வில்' என்ற சொல்லின் பழைய பொருள் 'விரும்புதல்'. நாளை இதைச் செய்வேன் என்று சொல்லும்போது, அல்லாஹ் நாடினால் என்பதையும் சேர்த்துச் சொல்லுமாறு அல்கஹ்ஃபு அத்தியாயத்தின் 23, 24 ஆம் வசனங்கள் நமக்குக் கற்பிக்கின்றன. ஆகவே நம் பிள்ளைகள் 'ஐ வில் கம், இன்ஷா அல்லாஹ்' என்று தயங்காமல் சொல்லட்டும். அங்கே 'வில்' நமது உறுதியான எண்ணம். 'இன்ஷா அல்லாஹ்' அவனது நாட்டத்திற்கு அடிபணிதல். வரும் எண்ணமே இல்லாதவர் 'இன்ஷா அல்லாஹ்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்வதைக் காணும்போதுதான், அந்த 'வில்' எவ்வளவு தேவை என்பது புரிகிறது.

வீட்டில் செய்யத்தக்கவை

பெற்றோருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நாம் பரிந்துரைப்பவை மூன்று.

முதலாவது, நாளொன்றுக்கு ஒரே ஒரு தமிழ் வாக்கியம். 'தங்கை பால் குடிக்கிறாள்' என்று சொல்லுங்கள். பிள்ளை அதை ஆங்கிலத்தில் சொல்லட்டும். பிறகு கேள்வியாக, மறுப்பாக, நேற்று நடந்ததாக, நடந்திருக்கக்கூடியதாக மாற்றட்டும். ஐந்து நிமிடம் போதும். பிழை வந்தால் சிரிக்காதீர்கள்.

இரண்டாவது, மனப்பாடப் பட்டியலைக் குறைத்து இணைப்பைக் கூட்டுங்கள். அரபு ஓதும் பிள்ளையிடம் 'லம்' எங்கே, 'டிட்' எங்கே என்று கேளுங்கள். அரபு ஓதாத பிள்ளையிடம் 'கொண்டிருக்கிறான்' என்பதைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். தாய்மொழியின் துணைவினையை உணர்ந்த பிள்ளைக்கு மற்ற மொழியின் துணைவினை அந்நியமாக இராது.

மூன்றாவது, வீட்டிற்கு வரும் ஆங்கிலத் தாள்கள் எவையாயினும், பள்ளிச் சுற்றறிக்கை, மருந்துப் பெட்டியினுள் இருக்கும் குறிப்பு, வங்கிக் கடிதம், வேலை ஒப்பந்தம் என எதுவாயினும், கையெழுத்திடும் முன்னர் பிள்ளையிடம் ஒரு பென்சிலைக் கொடுத்து 'மே', 'மஸ்ட்', 'ஷேல்', 'ஷுட்', 'நீட் நாட்' ஆகியவற்றின் கீழ் கோடு போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு கோட்டிற்கும் நேராக, கட்டாயமா, அறிவுரையா, அனுமதியா என்று தமிழில் எழுதட்டும். அத்தாளில் நம்மீது எழுதப்பட்ட கடமை எவ்வளவு, நமக்கு எழுதப்பட்ட உரிமை எவ்வளவு என்பது அப்போது தெளிவாகத் தெரிந்துவிடும்.

பயனுள்ள கல்வியை நமக்கும் நம் சந்ததியினருக்கும் அல்லாஹ் எளிதாக்கித் தருவானாக. ஆமீன்.